பென்சிலில் ஒரு பன்றிவால்

அத்தியாயம் 3

"திருட வந்த இடத்துல தப்புத் திருத்திட்டுப் போயிருக்கான் மேடம். இவ்வளவு படிச்ச திருடனை நான் பார்த்ததே இல்ல," என்றான் லிண்டன்.

ஹெஸ்டர் ப்ரைஸ் கண்ணாடிப் பெட்டிக்கு மேல் குனிந்தாள். பெட்டிக்குள் வெல்வெட் துணியில் பழுப்புத் தோல் அட்டை போட்ட சின்னப் புத்தகம் ஒன்று சாதுவாக உட்கார்ந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஆர்லிங்ஃபோர்டில் பாதிப் பேர் துறையோரத்துப் பழைய பார்லிக் கிடங்கில் நடக்கும் இந்தக் கண்காட்சிக்கு வந்து வரிசையில் நின்று, சூசன்னா ட்ரூவின் நூற்றைம்பது வருஷப் பழைய நாட்குறிப்பு என்று பயபக்தியோடு இதைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். இன்று வியாழன். காலை பத்து மணிக்கு, கண்காட்சியை நடத்தும் இமோஜென் காரோ பெட்டியைத் திறந்து, தூசி தட்ட எடுத்துப் பிரித்தபோதுதான் தெரிந்தது, அது ஒரு ஜெபப் புத்தகம். கிடங்கிலேயே இருந்த காபிக் கடையின் பழைய புத்தக அலமாரியில் ஒரு பவுண்டுக்கு இதே மாதிரி இன்னும் ஆறு கிடந்தன.

"பூட்டு?" என்றாள் ஹெஸ்டர்.

"பூட்டு கிடையாது. ஒரு கொக்கி, அவ்வளவுதான்," என்றாள் இமோஜென். ஐம்பது வயதைத் தாண்டியவள், ரிட்டயரான பள்ளி ஆசிரியை. இந்த ஊருக்கு வந்து ஐந்து வருஷம். துறையில் கட்டியிருக்கும் நீளப்படகில்தான் குடித்தனம். போன குளிர்கால வெள்ளத்தில் பழைய படகுத்துறை வீட்டின் தரைப்பலகை ஊறிப் பெயர்ந்தது. சேறு வாரப் போன இமோஜெனின் கையில்தான் அந்தத் தகரப் பெட்டி முதலில் சிக்கியது. உள்ளே எண்ணெய்த் துணியில் சுற்றிய நாட்குறிப்பு.

"மூணு மணிக்கு மாவட்ட ஆவணக் காப்பகத்துல இருந்து ஆள் வர்றாங்க, இதைப் பரிசோதிச்சு எடுத்துட்டுப் போக," என்றாள். "ஊர்ல ஏற்கெனவே பேசிக்கறாங்க, நானே உட்கார்ந்து எழுதி, டீத்தண்ணியில ஊற வெச்சேன்னு. அவங்க வர்ற அன்னைக்குப் பார்த்துக் காணாமப் போனா, அப்புறம் நான் இந்த ஊர்ல ரொட்டி வாங்கப் போக முடியாது."

ஹெஸ்டர் மணியைப் பார்த்தாள். ஒன்றேகால்.

"இந்த அட்டையை யார் எழுதினது?"

"நான்தான்."

பெட்டியின் ஓரத்தில் சாய்த்து வைத்திருந்த அறிமுக அட்டையில், 'சூசன்னா ட்ரூ, படகோட்டியின் மனைவி, எழுதிய நாட்குறிப்பு' என்று அச்சாகியிருந்தது. அதில் 'யின் மனைவி' என்ற பகுதியை மட்டும் யாரோ பென்சிலால் மெல்லிய ஒற்றைக் கோடு போட்டு அடித்திருந்தார்கள். மிச்சம் நின்றது, படகோட்டி. அதே வரிக்கு நேராக வலது ஓரத்தில் ஒரு சுழி, அதன் நுனியில் சின்னதாக ஒரு வால்.

"பன்றிவால்," என்றான் லிண்டன். "கண்காட்சி பார்க்க வந்த பன்றி கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருக்கு."

"ஞாயிற்றுக்கிழமை இது இருந்துச்சா?"

"இல்லை. அன்னைக்குக் காலையிலதான் நான் அட்டையை வெச்சேன். அப்புறம் கவனிக்கல. அட்டையை யார் படிக்கறா?" இமோஜென் கசப்பாகச் சிரித்தாள். "படிச்சவங்க ஒரே ஒருத்தர்தான் போலிருக்கு."

ஹெஸ்டருக்கு ஐம்பத்தெட்டு வயது. இருபத்தாறு வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கோரிக்கைகளைத் துருவித் துருவிப் பார்த்தவள். பிறகு வறுத்த மீன் கடைக்கு மேல் மாடியில் ஓர் அறை பிடித்துத் துப்பறியும் அலுவலகம் போட்டாள். நல்ல கண். ஆனால் அவளைக் கண்டதும் ஊர் ஜனங்கள் வாயை மூடிக்கொள்வார்கள். லிண்டன் பெக்ஃபோர்ட் நேர் எதிர். படகு எஞ்சின் பழுது பார்க்க ஏழு வருஷத்துக்கு முன்னால் க்ளோஸ்டரிலிருந்து வந்தவன். இடுப்புப் பிடித்துக்கொண்டு அந்த வேலை போனதும் இவளிடம் சேர்ந்தான். அவனிடம் ஊரே வந்து கொட்டும். போன மாதம் உள்ளூர்ச் செய்திமடலில் 'துப்பறிவாளர் பெக்ஃபோர்டும் அவருடைய உதவியாளர் திருமதி ப்ரைஸும்' என்று போட்டிருந்தார்கள். லிண்டன் அதைக் கத்தரித்து அலுவலகச் சுவரில் ஒட்டினான். ஹெஸ்டர் சிரித்து வைத்தாள். அவன் சாப்பிடப் போனதும் கிழித்துக் குப்பையில் போட்டாள்.

"ஊர்ல எல்லாரும் ரோட்னி பென்ஃபோல்ட் பேரைத்தான் சொல்வாங்க," என்றாள்.

"ரோட்னியா? சேச்சே," என்றாள் இமோஜென்.

"ஏன் இருக்கக் கூடாது? இந்த ஊர் சரித்திரம்னா அவர் எழுதின புஸ்தகம்தான். ஜோப் ட்ரூன்னு ஒரு படகோட்டி, 1869 வெள்ளத்துல பதினோரு பேரைப் படகுல ஏத்திக் கரை சேர்த்தான்னு அதுல எழுதியிருக்கார். அதை வெச்சுத்தான் துறைச் சுவர்ல கல்வெட்டு, பக்கத்து மதுக்கடைக்கு அவன் பேரு எல்லாம். இப்போ ஜோப்போட பெண்டாட்டி எழுதினது கிடைச்சிருக்கு. அதுல வேற கதை இருந்தா அவருக்குத்தானே அடி?"

"வேற கதை இருக்கான்னு எனக்கே இன்னும் தெரியாது," என்றாள் இமோஜென். "சூசன்னா கையெழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். என் கண்ணுக்கு அது முடியாது. ரோட்னிதான் படிச்சுப் பிரதி எடுத்துத் தர்றேன்னு நாட்குறிப்பை ரெண்டு மாசம் வீட்டுல வெச்சிருந்தார். 1868 வரைக்கும் தந்துட்டார். வெள்ள வருஷம் இன்னும் வரல." அவள் மேஜைமேல் இருந்த கோப்பில் முப்பத்தொன்றாம் பக்கத்தைப் பிரித்தாள். "பாருங்க. எவ்வளவு அழகான வேலை. ஒவ்வொரு பக்கத்துக்கும் கீழ அடிக்குறிப்பு. நான் ஓரத்துல ஒரு சந்தேகம் எழுதினா, அடுத்த வாரம் நாலு வரியில பதில் வரும். சில சமயம் என்னைக் கிண்டல் பண்ணிக்கூட. என் வாழ்க்கையில யாரோடயும் நான் இவ்வளவு சந்தோஷமா சண்டை போட்டதில்ல."

வெளியே வந்ததும் லிண்டன் சொன்னான்: "அடிக்குறிப்பைப் பத்திப் பேசும்போது ஒரு பொம்பளைக்கு முகம் இப்படிச் சிவக்கும்னு எனக்குத் தெரியாது மேடம். தெரிஞ்சிருந்தா நானும் பள்ளிக்கூடம் ஒழுங்கா போயிருப்பேன்."

துறையோரமாக நடந்தார்கள். மேலே மலைப் பக்கம் இரண்டு நாள் மழை. செவர்ன் ஆறு காபி நிறத்தில், கிளைகளையும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியையும் இழுத்துக்கொண்டு ஓடியது. நகராட்சி ஆட்கள் வெள்ளத் தடுப்புப் பலகைகளை லாரியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். துருக்கிக்காரர் சலூன் வாசலில் நின்றவர் லிண்டனைப் பார்த்துக் கையாட்டினார். போலந்துக் கடைப் பெண் அவன் இடுப்பு வலி எப்படியிருக்கிறது என்று கேட்டாள். பலகை இறக்குகிற ஆள்கூட, "லிண்டன், சாயங்காலத்துக்குள்ள மூணாவது படி முழுகிடும், உன் படகை ஏத்திக் கட்டு," என்றான். இந்தத் துறையில் பிறந்து, இதே படியில் நீச்சல் கற்றவள் ஹெஸ்டர். அவளை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. லிண்டனை விட்டு இரண்டடி முன்னால் வேகமாக நடந்தாள். அந்த வேகத்துக்கு என்ன பெயர் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். இன்ஷூரன்ஸ் வேலையில், எரிந்துபோன கடைகளில் பாதி அதனால்தான் எரிந்தன.

"அட்டையில அந்தக் கோட்டை அடிச்சவங்களுக்கு ஒரு விஷயம் தெரிஞ்சிருக்கு," என்றாள். "படகு ஓட்டினது சூசன்னா. ஜோப் இல்ல. அது 1868 வரைக்கும் உள்ள பக்கங்கள்ல இல்லை. இருந்திருந்தா இமோஜென் அட்டையில மனைவின்னு எழுதியிருக்க மாட்டா. அப்போ கடைசிப் பகுதியைப் படிச்ச ஆள்தான் அடிச்சிருக்கணும். அதைப் படிச்சது ஒரே ஆள்."

"ரோட்னி."

"ரோட்னி."

லிண்டன் அவளை எட்டிப் பிடித்தான். "ஒண்ணு இடிக்குது மேடம். நாட்குறிப்பு வெளியே வந்தா தன் புஸ்தகம் பொய்யாயிடும்னு ஒருத்தர் பயந்து திருடறாரு. சரி. திருடிட்டு, போற போக்குல, என் புஸ்தகம் பொய்தான்னு அவரே அட்டையில எழுதி வெச்சிட்டா போவாரு?"

ஹெஸ்டர் நின்றாள். அதே கேள்வி அவள் நாக்கு நுனிக்கு வந்திருந்தது. அவன் அரை வினாடி முந்திக்கொண்டான்.

"அதைத்தான் நானும் யோசிச்சிட்டிருந்தேன்," என்றாள் வறட்சியாக.

"யோசிச்சிருப்பீங்க. அதனாலதான் நான் வாடகைக்கு இருக்கேன், நீங்க சொந்த வீட்டுல இருக்கீங்க."

பென்ஃபோல்ட் வீடு சர்ச் தெருவில், எந்த வெள்ளமும் தொடாத மேட்டில் இருந்தது. கதவைத் திறந்தவள் மவ்ரீன் பென்ஃபோல்ட். எழுபதை நெருங்கிய ஒல்லியான பெண். கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி, கையில் பாத்திரம் துடைக்கும் துணி. அவர்களை உள்ளே விட்டு, "படிப்பறையில இருக்கார். டீ கொண்டு வர்றேன்," என்றாள். எதற்காக வந்தீர்கள் என்று அவள் கேட்கவில்லை.

ரோட்னி பென்ஃபோல்டுக்கு எழுபத்திரண்டு வயது. வெள்ளைத் தாடி, பட்டுக் கழுத்துத் துணி. திருட்டுச் செய்தி அவருக்கு முன்னமே வந்திருந்தது. "எனக்கு நெஞ்சே அடைச்சிடுச்சு," என்றார். "அந்த நாட்குறிப்பு என் குழந்தை மாதிரி. நானும் இமோஜெனும் சேர்ந்து வளர்த்த குழந்தை." சொல்லிவிட்டு, அந்தச் சொற்களின் அழகில் கொஞ்ச நேரம் லயித்திருந்தார்.

மவ்ரீன் டீத்தட்டோடு வந்தாள். சர்க்கரை மறந்துபோயிருந்தது. அவள் திரும்புவதற்குள் லிண்டன் எழுந்துவிட்டான். "நீங்க உட்காருங்கம்மா, நான் எடுத்துக்கறேன். சமையலறை இந்தப் பக்கம்தானே?" அவளும் அவன் பின்னாலேயே போனாள். இரண்டே நிமிஷத்தில் அங்கிருந்து மவ்ரீனின் சிரிப்பு கேட்டது. வாசலில் பார்த்த அந்த முகத்துக்குச் சிரிக்கத் தெரியும் என்றே ஹெஸ்டர் நினைத்திருக்கவில்லை.

அவள் ரோட்னி பக்கம் திரும்பினாள். "கடைசிப் பகுதி முடிஞ்சுதா?"

"முடிஞ்ச மாதிரிதான். டைப் அடிக்கறதுதான் பாக்கி. அது மவ்ரீன் பாடு."

"அந்த வெள்ளத்தைப் பத்தி என்ன எழுதியிருக்கா சூசன்னா? எங்க பாட்டன் பூட்டன் எல்லாம் இந்தத் துறைக்காரங்க. தெரிஞ்சுக்கலாம்னு ஆசை."

ரோட்னி கண்ணை மூடிக்கொண்டார். இது அவருக்குப் பழகிய மேடை. "பிப்ரவரி மாசம். ஏழைகள் விடுதி கூரை வரைக்கும் தண்ணி. ஜோப் துடுப்புப் போடறான். ஒரு தடவை, ரெண்டு தடவை, மூணு தடவை. பாவம் சூசன்னா, கரையில லாந்தரைத் தூக்கிப் பிடிச்சிட்டு நிக்கறா, புருஷன் திரும்பி வருவானான்னு. உருக்கமான எழுத்து."

"நாட்குறிப்புல அப்படித்தான் இருக்கா?"

"அப்படியே. நான் என் புஸ்தகத்துல எழுதினது அத்தனையும் உறுதியாயிடுச்சு."

ஹெஸ்டர் டீக்கோப்பையைக் கீழே வைத்தாள். அவர் பொய் சொல்கிறாரா என்று முகத்தைத் தேடினாள். பொய் சொல்கிறவர்களை அவளுக்குத் தெரியும். அவர்கள் எதிராளியின் கண்ணைப் பார்ப்பார்கள். இவர் ஜன்னலைப் பார்த்து, தன் குரலையே கேட்டு ரசித்துக்கொண்டிருந்தார். தான் சொல்வதை முழுக்க நம்பினார். ஒரு பக்கம்கூடப் படிக்காமலேயே நம்பினார்.

"முப்பத்தொண்ணாம் பக்கத்து அடிக்குறிப்புல என்ன எழுதியிருக்கீங்க?"

"அதெல்லாம் எப்படிம்மா நினைவு இருக்கும்? எத்தனையோ குறிப்பு."

லிண்டன் சர்க்கரைக் கிண்ணத்தோடு வந்தான். அதற்கு அடியில் சர்ச்சுச் செய்திமடல் ஒன்றைத் தட்டு மாதிரி பிடித்திருந்தான். கிண்ணத்தை எடுத்துவிட்டு அதை ஹெஸ்டரின் மடியில் போட்டான். "குளிர்பெட்டி மேல ஒட்டியிருந்துச்சு மேடம். மவ்ரீனம்மாவுக்குப் பொழுது போகலைன்னா இதுதான் விளையாட்டாம்."

அச்சுப் பிழைகளையெல்லாம் யாரோ பென்சிலால் திருத்தியிருந்தார்கள். இரண்டு முறை வந்த சொல்மேல் மெல்லிய ஒற்றைக் கோடு. ஓரத்தில் சுழி, நுனியில் வால். முதல் பக்கத்திலேயே ஐந்து பன்றிவால்கள் மேய்ந்தன.

ஹெஸ்டருக்கு ஒரே கணத்தில் இரண்டு எண்ணம் வந்தது. கண்டுபிடித்துவிட்டோம் என்பது ஒன்று. தான் இந்த அறையில் இவ்வளவு நேரம் வளைத்து வளைத்துத் தேடியதை, இவன் சர்க்கரை எடுக்கப் போய்ப் பிடித்துவிட்டான் என்பது மற்றது.

அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். மவ்ரீன் தொட்டிப் பக்கம் திரும்பி, ஏற்கெனவே துடைத்த கோப்பையை மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்கே கத்துக்கிட்டீங்க இந்தக் குறியை?" ஹெஸ்டர் செய்திமடலை மேஜைமேல் வைத்தாள்.

"ஆர்லிங்ஃபோர்ட் கூரியர்ல. இருபத்திரண்டு வருஷம் பிழை திருத்தினேன், அந்தப் பத்திரிகையை மூடுற வரைக்கும். 'நீக்கு'ன்னா அந்தக் குறி போடணும்." மவ்ரீன் திரும்பவில்லை. "நீங்க இதைத்தான் முதல்ல பார்ப்பீங்கன்னு நினைச்சேன். ரோட்னி நூறு தடவை பார்த்திருக்கார். அவர் கண்ணுல படாது."

"நாட்குறிப்பை முழுக்கப் படிச்சது நீங்க."

"ஒரு எழுத்து விடாம."

"பெட்டியைத் திறந்தது?"

மவ்ரீன் கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள். "திங்கட்கிழமை காலையில, ஞாயிற்றுக்கிழமைத் திறப்பு விழாப் பாத்திரத்தையெல்லாம் கழுவக் கிடங்குக்குப் போனேன். அங்க யாரும் இல்ல. முதல்ல அட்டையில தப்பைத் திருத்தத்தான் பெட்டிகிட்டப் போனேன். வெள்ளத்துக்கு ஒரு மாசம் முன்னாடிதான் ஜோப் முதுகு உடைஞ்சு படுக்கையில விழுந்தான். அப்புறம் பத்தொன்பது வருஷம் அந்த ஆத்துல துடுப்புப் போட்டிருக்கா சூசன்னா. வெள்ளத்தன்னைக்குப் பதினோரு பேரையும் ஏத்தினது அவதான். அந்த நாட்குறிப்புல மூணே வரி. 'இன்று பதினோரு பேர். கையில் தோல் உரிந்துவிட்டது. ஜோப்புக்குக் கஞ்சி ஆறிப்போனது.' அவ்வளவுதான் எழுதியிருக்கா. அவளைப் போய் மனைவின்னு அட்டையில போட்டா எனக்குப் பொறுக்கல. அடிச்சேன். அடிச்சதும் கை நிக்கல. கொக்கியையும் தூக்கிட்டேன். அலமாரியில கிடந்த ஜெபப் புஸ்தகத்தை உள்ள வெச்சுட்டு வந்துட்டேன்."

"அட்டைக்காக மட்டுமா?"

மவ்ரீன் இப்போதுதான் திரும்பினாள். கண்ணில் ஈரம் இல்லை. கன்னம் இரண்டும் சூடு போட்ட மாதிரி சிவந்திருந்தது.

"ஞாயிற்றுக்கிழமை விழாவுல ரோட்னி பேசினதைக் கேட்டீங்களா? 'முப்பது வருஷமா இந்த ஊர் சரித்திரத்தை நான் தனியா சுமந்தேன். இப்பத்தான் எனக்குச் சமமா யோசிக்கிற ஒரு ஆளைப் பார்த்திருக்கேன்.' அப்படியே இமோஜென் பக்கம் கையை நீட்டினார். எல்லாரும் கை தட்டினாங்க. நான் அவர் பின்னாடி சாண்ட்விச் தட்டைப் பிடிச்சிட்டு நின்னேன்." அவள் குரல் உயரவேயில்லை. "அந்த அடிக்குறிப்பு நான் எழுதினது. இமோஜென் ஓரத்துல 'அன்புள்ள ரோட்னி'ன்னு எழுதி அனுப்புவா. நான் படிச்சுச் சிரிப்பேன், பதில் டைப் அடிப்பேன். அவர் தாடியைச் சீவிட்டு எடுத்துட்டுப் போவார். அவ படகுல உட்கார்ந்து மத்தியானம் பூரா அவ பாராட்டறதைக் கேட்டுட்டு வருவார். அவருக்கு நல்லாவே தெரியும், அதுல ஒரு வார்த்தை அவரோடது இல்லைன்னு. இல்ல, ஒரு வேளை தெரியாதோ என்னமோ. அவ அவரைப் பார்த்துச் சிரிக்கறது எனக்குப் பொறாமையா, அவளோட பேசற பாக்கியம் அவருக்குக் கிடைச்சது பொறாமையான்னு ராத்திரி பகலா யோசிச்சேன். ரெண்டும்தான்."

"ரெண்டு கரைக்கும் நடுவுல போயிட்டு வந்த படகு அவர்," என்றான் வாசற்படியில் நின்ற லிண்டன். அவனுக்கும் பின்னால் ரோட்னி நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை.

"மவ்ரீன், வெளியாள் முன்னாடி இது என்ன பேச்சு? எல்லாம் நாம சேர்ந்து செஞ்சதுதானே? நீங்க கேளுங்க திருமதி ப்ரைஸ், நான் எப்பவும் முன்னுரையில மவ்ரீனுக்கு நன்றி சொல்லியிருக்கேன்."

"'டீ போட்டுத் தந்த என் மனைவிக்கு'," என்றாள் மவ்ரீன். "நாலு பதிப்புலயும். அதையும் நான்தான் பிழை பார்த்தேன்." அவள் அவரை நேராகப் பார்த்தாள். "ரோட்னி, அந்த வெள்ளத்தன்னைக்கு யார் துடுப்புப் போட்டா? நீயே சொல்லு."

ரோட்னி வாயைத் திறந்தார். ஹெஸ்டரைப் பார்த்தார், லிண்டனைப் பார்த்தார். கழுத்துத் துணியைச் சரிசெய்தார். 

மவ்ரீன் இஸ்திரி போட வேண்டிய துணிக்கூடைக்குள் கையை விட்டு, தலையணை உறையில் சுற்றிய பொட்டலத்தை எடுத்தாள். ஹெஸ்டர் கையை நீட்டினாள்.

"வேண்டாம். நான் எடுத்தேன், நானே கொண்டு போய்க் கொடுக்கறேன்," என்று ஆணியில் மாட்டியிருந்த பச்சைக் கோட்டை மாட்டிக்கொண்டாள் மவ்ரீன். "அவ போலீஸைக் கூப்பிட்டா கூப்பிடட்டும்."

சர்ச் தெருவிலிருந்து துறைப் பக்கம் இறங்கினார்கள். முன்னால் மவ்ரீன் பொட்டலத்தை மாரோடு அணைத்துக்கொண்டு நடந்தாள். இருபதடி தள்ளி ரோட்னி. லிண்டன் ஹெஸ்டருக்குப் பக்கத்தில் வந்து, "மேடம், வாசல்லயே உங்களுக்கு ஒரு சந்தேகம் வந்துச்சு இல்ல? எதுக்கு வந்தீங்கன்னு அந்தம்மா கேட்கலையே," என்றான் தாழ்ந்த குரலில்.

"வந்துச்சு."

"எனக்கு வரல. நான் இஞ்சி பிஸ்கட் வாசனை பிடிச்சிட்டிருந்தேன்."

அவன் சமாதானத்துக்குச் சொல்கிறானோ என்று ஹெஸ்டர் ஒரு பார்வை பார்த்தாள். இல்லை, நிஜமாகத்தான் சொன்னான். அவளுக்குள் இருந்த எரிச்சல் கொஞ்சம் இளகியது. முழுக்கப் போகவில்லை.

பழைய பார்லிக் கிடங்கில் மணி இரண்டரை. இமோஜென் ஜன்னலோர மேஜையில், தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்திருந்தாள். மவ்ரீன் அவள் முன்னால் பொட்டலத்தை வைத்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அட்டை, கொக்கி, துணிக்கூடை. சாக்கு எதுவும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பேச்சைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை. ஹெஸ்டர் அதைக் கவனித்தாள்.

இமோஜென் உறையைப் பிரித்து, தோல் அட்டையைத் தடவிப் பார்த்தாள். கோபம் அவள் முகத்தில் ஏறிக்கொண்டுதான் இருந்தது. "நாலு நாள்," என்றாள். "என்னைப் பொய்க்காரின்னு சொல்ல இருந்தாங்க. உங்களுக்கு அது தெரியும்."

"தெரியும்."

"அப்புறமும் வெச்சிருந்தீங்க."

"வெச்சிருந்தேன். ராத்திரி எடுத்துப் படிச்சுட்டிருந்தேன். கடைசியில ஒரு இடம் இன்னும் பிடிபடல."

 இமோஜென் பிரதிக் கோப்பை இழுத்துப் பிரித்து, ஒரு பக்கத்தில் விரலை வைத்தாள். "முப்பத்தொண்ணு. சூசன்னா உப்புப் படகுக்காரனைத் திட்டற இடம். அவ அவனைக் காதலிச்சான்னு நான் எழுதினேன். அதுக்கு, 'படித்துச் சிரித்தேன், நம்பவில்லை, பெண்கள் வெறும் கோபத்தோடும் இருக்கலாம்'னு பதில் வந்துச்சு. அதை எழுதினது..."

"நான்தான்."

"ரோட்னி இல்ல."

"அவருக்கு உப்புப் படகு வந்ததே தெரியாது."

இமோஜென் அவளை மேலும் கீழும் பார்த்தாள். இரண்டு மாதமாகக் கடிதத்தில் மட்டும் பழகிய ஆளை முதல் தடவை ரயிலடியில் பார்ப்பதைப் போல. பிறகு காலால் எதிர் நாற்காலியைத் தள்ளிவிட்டாள். "உட்காருங்க. உங்களை நான் இன்னும் மன்னிக்கல. பிடிபடாத அந்த இடம் எது?"

மவ்ரீன் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்தைப் புரட்டினாள். இரண்டு தலையும் அந்த எறும்பு எழுத்துக்கு மேல் குனிந்தன. ஒரு நிமிஷத்துக்குள் குரல் உயர்ந்தது. இமோஜென், "அது சாமி சத்தியமா 'கயிறு' இல்ல," என்றாள். மவ்ரீன், "கயிறுதான். கண்ணாடியை மாத்துங்க," என்றாள்.

ஹெஸ்டரும் லிண்டனும் வெளியே வந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே, துறைக் கல்லில் ரோட்னி நின்று உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். ஆற்றுக் காற்றில் கழுத்துத் துணி ஒரு பக்கமாகப் பறந்தது.

"என்ன பேசிக்கறாங்க?" என்றார்.

"ஒரு வார்த்தையைப் பத்திச் சண்டை," என்றாள் ஹெஸ்டர். "உள்ளே போங்களேன்."

"என்னைக் கூப்பிடலையே."

உள்ளே ஏதோ ஒன்றுக்கு இருவரும் ஒரே சமயத்தில் சிரித்தார்கள். கண்ணாடி வழியாகச் சத்தம் வரவில்லை, சிரிப்பு மட்டும் தெரிந்தது. ரோட்னியின் தாடை இறுகியது. ஹெஸ்டருக்கு அந்த இறுக்கம் பரிச்சயமானது. மத்தியானம் இதே துறையில் அவள் சுமந்து நடந்தது அதைத்தான். இவர் எழுபத்திரண்டு வயதில் முதல் தடவையாகச் சுமக்கிறார் போலிருந்தது. எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் தடுமாறினார்.

மூன்றுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது காப்பகத்தின் சாம்பல் நிறக் கார் ஒன்று வந்து நின்றது. இறங்கியவர்கள் இருவர், ஒரு பெண்ணும் ஓர் ஆணும், கையில் தட்டையான பெட்டிகள். ஆணுக்கு ரோட்னியை அடையாளம் தெரிந்தது. புத்தகத்தின் பின்னட்டையில் படம் இருக்கிறதே. கையை நீட்டிக்கொண்டு வந்தார்.

"திரு. பென்ஃபோல்ட், மாதிரிப் பக்கங்களை எங்களுக்கு அனுப்பியிருந்தாங்க. அந்தப் பிரதியும் அடிக்குறிப்பும் பார்த்து எங்க ஆபீஸ்ல எல்லாரும் அசந்துட்டோம். அது உங்க வேலைதானே?"

லிண்டன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். ஹெஸ்டர் அவன் கையைப் பிடித்து அழுத்தினாள்.

ரோட்னி அந்த மனிதரின் கையைப் பிடித்தபடியே நின்றார். அவர் கண் ஜன்னலுக்குப் போனது, திரும்பியது, மறுபடி போனது. ஆம் என்று ஒரு சொல் போதும். உள்ளே இருக்கும் இருவருக்கும் அது கேட்கப் போவதில்லை.

"இல்லை," என்றார். ஜன்னலை நோக்கிக் கையை நீட்டினார். "பச்சைக் கோட்டு போட்டிருக்காங்க பாருங்க. அவங்க. மவ்ரீன் பென்ஃபோல்ட்."

அவர்கள் இருவரும் நன்றி சொல்லிவிட்டு வாசலுக்கு நடந்தார்கள். கையில் பெட்டிகள் இருந்ததால் ரோட்னி முன்னால் போய்க் கதவைத் திறந்து பிடித்தார். அவர்கள் நுழைந்ததும் உள்ளிருந்து சூடான காற்றும் மவ்ரீனின் வேகமான குரலும் ஒரு கணம் வெளியே வந்தன. அவர் ஒரு காலை உள்ளே வைத்தார். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. காலை எடுத்துக்கொண்டு, சத்தம் வராமல் கதவைச் சாத்தினார்.